இரண்டு எண்ணும் வரை

இது ஓர் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் கிடந்து
இறுக வேண்டிய பண்டம்.
கெட்டிக் காப்பியில் முக்கிய மரியா பிஸ்கட்,
அதன்மேல் குழைத்த வெண்ணெய்,
மறுபடி பிஸ்கட், மறுபடி வெண்ணெய்.
காலையில் கத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அன்று ஏழு பத்துக்கு
லிஸ்பனில் எங்கள் மேட்டுத்தெரு மொத்தமும்
கண்ணை மூடிக்கொண்டது.
டிராம் பாதி ஏற்றத்தில் நின்றது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை செருமிவிட்டு வாயடைத்தது.

லிஃப்ட்டும் நின்றது.
மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே
பழைய இரும்புக்கூண்டு,
உள்ளே வென்செஸ்லாவ்.

வரி அலுவலகக்காரர். என் தலைக்கு மேல் வீடு.
பதினோரு மாதத்தில் என் கதவிடுக்கில்
ஆறு சீட்டு செருகியவர்.
ரேடியோ சத்தம்.
பால்கனியில் மத்தி சுட்ட புகை, அவர் சட்டைகளில்.
ஒரு சீட்டு நான் தும்முவதைப் பற்றி.

டார்ச்சோடு வெளியே வந்தேன்.
என் கண்ணுக்கு நேரே அவர் காலணி,
பளபளவென்று, போக வழியில்லாமல்.
"யார் அங்கே?"
"மூன்றாம் மாடி."
"ஓ" என்றார்.
அந்த ஓவில் இருந்த ஏமாற்றத்தைப்
படியிறங்கிப் போய்த்தான் பெருக்க வேண்டும்.

மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாம்.

வேறென்ன செய்ய, அடுப்பைப் பற்றவைத்தேன்.
காஸுக்கு மின்சாரத்தோடு உறவில்லை.
நாலு மஞ்சள் கரு, சர்க்கரை, பால்,
பாதி டிக்காஷன்.
கொதித்தால் திரிந்துவிடும்.
கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்து
கோடு நிற்கிறதா என்று
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன்.
நின்றது.

மீதி டிக்காஷனில் பிஸ்கட்.
முகத்தில் மரியா என்று எழுத்து,
இந்த ஊரில் பாதிப் பேர் பெயர்.
ஒன்று, இரண்டு, எடு.
மூன்று என்றால் பெயர் அழிந்து
கோப்பையின் அடியில் சேறு.

"என்ன வாசனை அது?"
கூண்டிலிருந்து குரல்.
"ஏன், சீட்டு எழுதவா?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"பேனா பைக்குள் இருக்கிறது.
இருட்டில் கை அகப்படவில்லை."

கிண்ணம் கம்பிக்குள் நுழையவில்லை.
பிடி உடைந்த கோப்பை ஒன்று உண்டு,
தூக்கியெறிய மறந்து மறந்து
வீட்டில் தங்கிவிட்டது.
அதில் மூன்று பிஸ்கட், இடையிடையே சூடான கூழ்,
மேலே நொறுங்கிய துண்டுகள்.
ஸ்டூலில் ஏறி நீட்டினேன்.
அவர் மண்டியிட்டு வாங்கினார்.
சூடு பொறுக்காமல் கை மாற்றி, கை மாற்றி,
கடைசியில் டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

பேசவில்லை.
கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம் மட்டும்.
நான் படியில் உட்கார்ந்து
சட்டியில் மிச்சத்தை வழித்துக்கொண்டிருந்தேன்.
அதுவும் சத்தம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இது குளிர வைப்பதுதானே?"
"ஆமாம்."
"ம்."
அந்த ம் எனக்குப் புரியவில்லை.
கேட்க வாய் திறந்தபோது
விளக்கு வந்தது.
கூண்டு உலுக்கி எழுந்து
அவரை, கோப்பையை, கரண்டியை
நாலாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனது.
என் ரேடியோ உள்ளே தானாகக் கத்த ஆரம்பித்தது.

மறுநாள் வாசலில் கோப்பை, கழுவித் துடைத்து.
உள்ளே ஏழாவது சீட்டு.
அதே நேர்க்கோட்டு எழுத்து:

ரேடியோ ஒன்பதரைக்கு மேல் ஒலித்தது.
கரண்டி நாளை தருகிறேன்.
பிஸ்கட்டை மூன்று எண்ணி எடுக்கலாம்.

இவருக்கு என்ன தெரியும்
என்று சொல்லிக்கொண்டே அடுப்பை மூட்டினேன்.
ஒன்று. இரண்டு.
கை அங்கேயே நின்றது.
மூன்று.
உடைந்து விழுந்தது, சொன்னேனே.
கரண்டியால் அள்ளித் தின்றேன், நின்றபடியே,
ரேடியோவில் யாரோ வானிலை வாசிக்க.

இன்னொன்று எடுத்தேன்.